எறங்குனதும் சொல்லு

"அந்தப் பாட்டுல அப்படி என்னதான் இருக்கு, மாஸ்டர்?"

இளவழுதி இப்படிக் கேட்டபோது குணசீலி கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தப் பாட்டு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க பேரைச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவன் சொல்லவில்லை.

குணசீலி தூத்துக்குடிக்காரி. சர்ச்சில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கியவள். சென்னைக்கு வந்து விளம்பரப் பாட்டு, காலர் டியூன், சினிமாவுக்குப் பின்னணி இசை என்று கிடைத்ததையெல்லாம் செய்தாள். இப்போது சாலிகிராமத்தில் ஒரு தையல்கடைக்கு மேலே சின்னதாக ஒலிப்பதிவு அறை வைத்திருந்தாள். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தாங்களே பாட நினைக்கிறவர்கள் அவளிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

இளவழுதி அவளைவிட நாலைந்து வயது மூத்தவன். இருபது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் கிடார் வாசித்தவன். மற்றவர்கள் பாட்டையே வாசித்து வாசித்து அலுத்துப்போய், தன் பாட்டு என்று ஒன்று செய்ய வேண்டும் என்று அவளிடம் வந்தான். வயதில் சின்னவளிடம் கற்கிறோமே என்று அவன் ஒருநாளும் கூசியதில்லை.

அவனைக் கூச வைத்தது பர்வீன்.

பர்வீன் அவனுக்கு அப்புறம் வந்து சேர்ந்தவள். திண்டுக்கல் பெண். வடபழனியில் ஒரு மொபைல் கடையில் வேலை. முதல்நாள் வந்தபோது கிடாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியாது. "நீங்க கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்று மாஸ்டர் சொன்னதால் இளவழுதிதான் அவள் விரலைப் பிடித்துக் கம்பிமேல் வைத்தான். கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற நாலு கார்ட்ஸ் சொல்லிக்கொடுத்தான். ஐந்தாவது சொல்லிக்கொடுப்பதற்குள் அவள் அந்த நாலை வைத்தே ஒரு பாட்டுப் போட்டுவிட்டாள்.

எறங்குனதும் சொல்லு
நீ எறங்குனதும் சொல்லு
மணி என்ன ஆனாலும்
முழிச்சிருப்பேன் சொல்லு

அவ்வளவுதான் பாட்டு. சென்னைக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் அவள் அம்மா சொல்கிற வார்த்தை அது. கூட இன்னும் ஆறேழு வரி இருக்கும். திரும்பத் திரும்ப இந்த நாலு வரிதான் வரும்.

இணையத்தில் வெளிவந்த வாரமே ஊர் பூராவும் பரவிவிட்டது. இளவழுதி வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் அதை விசிலடித்துக்கொண்டே படியேறினார். ஷேர் ஆட்டோவில் போட்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது போட்டு, நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைகள் ஆடினார்கள்.

அதே மாதம்தான் இளவழுதியின் பாட்டும் வெளிவந்தது. ஒரு வருடம் உழைத்துச் செய்தது. ஏழு அட்சரத் தாளம். நடுவில் இரண்டு இடத்தில் சுருதி மாறி, தெரியாமல் பழைய இடத்துக்கே வந்து சேரும். கேட்டவர்களை அவனால் பேர் சொல்லி எண்ணிவிட முடிந்தது.

ஒருநாள் காலை சமையலறையில் அவன் மனைவி தேன்மொழி குழம்புக்குத் தாளித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். அதே பாட்டு.

"வேற பாட்டே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்திவிட்டான்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நான் பாடுனேனா?"

தான் பாடியதே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகச் சாலிகிராமம் வந்துவிட்டான்.

குணசீலி துணியை மடித்து வைத்தாள்.

"அந்தப் பாட்டைப் பாடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

பாடினான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நடுவில் பர்வீன் மூச்சு வாங்குகிற இடம்கூடத் தப்பாமல் பாடினான்.

"எப்ப மனப்பாடம் பண்ணீங்க?"

"மனப்பாடம் பண்ணலை. காதுல விழுந்துக்கிட்டே இருக்கு, என்ன பண்ணச் சொல்றீங்க?"

"சரி. இப்ப உங்க பாட்டைப் பாடுங்க."

இளவழுதி தொண்டையைச் செருமிக்கொண்டான். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரியில் நின்றான். மேலே பார்த்தான். கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வரிகளைத் தேட ஆரம்பித்தான்.

குணசீலி கீழே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாள். அவன் டீ வருவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான்.

*

அடுத்து அவன் வந்தபோது ஒரு முடிவோடு வந்தான்.

"நான் அதைப் பிரிச்சுப் பாத்துட்டேன் மாஸ்டர். அது பாட்டே இல்லை. சரணம் கிடையாது. நடுவுல இசை கிடையாது. ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சுபோகுது. முடியவும் இல்லை, பாதியில அறுந்த மாதிரி நிக்குது. உடனே திரும்ப முதல்லேருந்து கேக்கணும்னு தோணுது. அதுக்காகவே அப்படிப் பண்ணியிருக்கா."

"பண்ணியிருக்காளா?"

"தெரியாமலா பண்ணுவா?"

குணசீலி நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இசைத்தட்டு இருந்த காலத்துல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். அதனால பாட்டு மூணு நிமிஷம் சொச்சம் ஆச்சு. பழைய ஆளுங்க, இதெல்லாம் பாட்டான்னு கேட்டாங்க. கேசட்டு வந்துச்சு, பாட்டு நீண்டுச்சு. அப்பவும் கேட்டாங்க. நான் வேலைக்கு வந்தப்ப காலர் டியூன் வந்துச்சு. நல்ல பாட்டைக் கொண்டாந்து குடுத்து, முப்பது செகண்டு வெட்டிக் குடுன்னாங்க. எங்க வெட்டுறதுன்னு தெரியாம ஸ்டூடியோவுல உக்காந்து அழுதிருக்கேன்."

"இப்ப அழறது நான்."

"முழுசாக் கேளுங்க. நானே ஒரு மெட்டுப் போட்டு, அந்த முப்பது செகண்டை என் போனுக்கே காலர் டியூனா வச்சேன். எங்கம்மா ஊர்லேருந்து தினமும் கூப்பிடுவாங்க. நான் மணி அடிச்ச உடனே எடுத்துருவேன். ஒருநாள் எடுத்ததும் திட்டுறாங்க. 'ஏட்டி, அதுக்குள்ள ஏன் எடுத்த? பாட்டு இன்னும் முடியலல்லா.' என்கிட்ட பேசுறதுக்குக் கூப்பிடலை. பாட்டுக் கேக்கக் கூப்பிட்டிருக்காங்க."

இளவழுதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அம்மா கூப்பிட்டா நான் எடுக்கிறதில்லை. முழுசா முடிஞ்சு, திரும்ப அவங்க கூப்பிட்டாத்தான் எடுப்பேன்."

"இதுக்கும் பர்வீன் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியலையே," என்றாள் குணசீலி. "நீங்கதான் பிரிச்சுப் பாக்குற ஆளாச்சே."

*

பர்வீனுக்குச் சொந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது. திண்டுக்கல்லில் பொருட்காட்சி. கடைசி நாள் மாலை அவள் கச்சேரி. அவள் நேராக இளவழுதியிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்கதான் பேண்டைப் பாத்துக்கணும். எனக்கு மேடை தெரியாது. நீங்க பக்கத்துல நின்னா எனக்குப் பயம் இருக்காது. அத்தா, அம்மா எல்லாரும் வராங்க."

அவன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாஸ்டரிடம் வந்தான்.

"போகட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் குணசீலி.

அவன் எதிர்பார்க்கவில்லை. "ஏன்? நான் நல்லா வாசிக்க மாட்டேனா?"

"வாசிப்பீங்க. ஆனா கை இப்ப உங்க பேச்சைக் கேக்காது."

"நான் என்ன சின்னப் பையனா?"

அவள் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பர்வீனுக்குப் போன் பண்ணி, வருவதாகச் சொன்னான்.

*

திண்டுக்கல்லில் மைதானம் நிறைந்திருந்தது. ராட்டினத்திலிருந்து இறங்கியவர்கள், டெல்லி அப்பளம் வாங்கியவர்கள், பிள்ளையைத் தோளில் உட்கார வைத்தவர்கள் எல்லாம் மேடையைப் பார்த்து நகர்ந்து வந்தார்கள். முன்வரிசையில் பர்வீனின் அத்தாவும் அம்மாவும். அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இளவழுதி சுத்தமாக வாசித்தான். ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவதாக அந்தப் பாட்டு.

முதல் கார்ட் விழுந்ததும் கூட்டம் கத்தியது. அந்தக் கார்ட் அவன் சொல்லிக்கொடுத்தது. விரலை எங்கே வைப்பது என்று அவன்தான் காட்டியிருக்கிறான். கூட்டம் அவனைப் பார்க்கவில்லை. பர்வீனைப் பார்த்துக் கையை ஆட்டியது. அவள் முகத்தில் விளக்கு விழுந்திருந்தது. அவன் நின்ற இடம் இருட்டாக இருந்தது.

இரண்டாவது தடவை பல்லவி வரும்போது அவன் சுருதியை அரைக்கட்டை ஏற்றினான்.

பேண்டில் மற்றவர்கள் அவன் கையைப் பார்த்து வாசிப்பவர்கள். அவர்களும் ஏறினார்கள். பர்வீன் ஒரு கணம் தடுமாறி, எட்டிப் பிடித்தாள். அவன் விடவில்லை. தன் பாட்டில் வைத்திருந்த அந்தக் கடினமான சுருதி மாற்றத்தைக் கொண்டுவந்து இதில் நுழைத்தான். இந்தத் தடவை அவளால் பிடிக்க முடியவில்லை. குரல் ஒரு பக்கமும் இசை ஒரு பக்கமும் போயின. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

அவன் கையை உயர்த்தினான். பேண்டு மொத்தமும் நின்றது.

பார்ப்பவர்களுக்கு, தவறு நடந்துவிட்டதால் அவன் காப்பாற்றுகிறான் என்று தோன்றியிருக்கும். அவன் நிறுத்தியது அதற்காக இல்லை. இசையை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நிறுத்தினான்.

மைதானம் சட்டென்று அமைதியானது. ராட்டினத்தின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பர்வீன் வாயைத் திறந்தாள். பயத்தில் குரல் வரவில்லை. அவள் அத்தா பாதி எழுந்து நின்றுவிட்டார்.

அப்போது கூட்டத்துக்குள் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் விட்ட இடத்திலிருந்து பாடியது.

"எறங்குனதும் சொல்லு…"

நல்ல குரல் இல்லை. காய்கறிக்காரி கூவுவதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் அந்த வரிசை. அப்புறம் மைதானமே பாடியது.

சுருதி என்று ஒன்று இல்லை. ஆளுக்கொரு கட்டையில் பாடினார்கள். காலேஜ் பையன்கள் வேகமாகப் போனார்கள், பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள் மெதுவாக வந்தார்கள். வார்த்தையும் ஒழுங்காக இல்லை. மேடைக்குக் கீழே, இடதுபக்கம் ஒரு நடுத்தர வயது அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, "சாப்பிட்டதும் சொல்லு, நீ சாப்பிட்டதும் சொல்லு" என்று பாடிக்கொண்டிருந்தாள். பாட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது.

இளவழுதி அவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று கிடாரில் விரலை வைத்தான். எந்தக் கட்டையில் வைத்தாலும் சேரவில்லை. விரலை எடுத்துவிட்டான்.

பர்வீன் மைக்கைக் கீழே இறக்கினாள். மேடையின் ஓரத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் அத்தாவும் பாடிக்கொண்டிருந்தார்.

அது முடிய வெகுநேரம் ஆனது. முடிகிற மாதிரி வரும், வேறு ஒரு மூலையிலிருந்து திரும்பத் தொடங்கும்.

*

மேடைக்குப் பின்னால் பர்வீன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இளவழுதி அவள் முன்னால் போய் நின்றான்.

"வேணும்னுதான் பண்ணேன்."

"தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது பல்லவியில சுருதியை ஏத்துனீங்கல்ல, அப்பவே." அவள் வயரை முடிச்சுப் போட்டுப் பையில் வைத்தாள். "நீங்க கை தவறி வாசிச்சு நான் பாத்ததே இல்லையே."

அவன் தரையில் கிடந்த இன்னொரு வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

"அவங்க பாடுனப்ப நான் பாடியிருந்தேன்னா எனக்குக் கேட்டே இருக்காதுண்ணே," என்றாள் பர்வீன். "இத்தனை நாள் எனக்கு என் குரல்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குத்தான் பாட்டைக் கேட்டேன். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமா, உங்களைத் திட்டணுமான்னு எனக்குத் தெரியலை."

"திட்டு."

"அத்தா எந்திரிச்சு நின்னாருல்ல, அந்த ஒரு நிமிஷம். அதை நான் மறக்க மாட்டேண்ணே." அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். "அடுத்த ஷோவுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

போய்விட்டாள்.

*

இளவழுதி சென்னை திரும்பி, வீட்டுக்குப் போகாமல் சாலிகிராமம் வந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். குணசீலி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

சொல்லி முடித்ததும், "திட்டுங்க மாஸ்டர்," என்றான்.

"எதுக்கு? அதான் அவ வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டாளே."

கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்க எந்தச் சுருதியில பாடுனாங்க?" என்று குணசீலி கேட்டாள்.

"சுருதியே இல்லை. ஆளுக்கொண்ணு."

"வார்த்தை?"

"அதுவும் தப்பு."

"பர்வீன் திருத்துனாளா?"

"இல்லை. உக்காந்து கேட்டா."

குணசீலி தலையாட்டினாள். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"இதோட எனக்குப் பொறாமை போயிரும்னு நினைச்சேன்," என்றான் இளவழுதி.

"போகலையா?"

"போகலை. ஆனா முன்ன மாதிரி இல்லை. முன்னாடி அவ பேரு, அவ முகம், அந்த விளக்கு, அந்தக் கைதட்டல் எல்லாம் கண்ணுல நிக்கும். இப்ப அது எதுவும் நிக்கலை. அந்தம்மா ஒருத்தங்க கண்ணை மூடிக்கிட்டு, சாப்பிட்டதும் சொல்லுன்னு தப்பாப் பாடுனாங்களே, அதுதான் நிக்குது. அப்படி ஒரு தப்பை என் பாட்டுல யாராவது ஒருத்தர் பண்ண மாட்டாங்களான்னு இருக்கு. பஸ்ஸுல வர்ற வழி பூரா அதே நினைப்பு. வயிறு எரியுது மாஸ்டர்."

"எரியட்டும்," என்றாள் குணசீலி. "இப்பத்தான் சரியான ஆளைப் பாத்து எரியுது."